லெந்துக்கு வராத கருடன்

காம்பவுண்டுச் சுவருக்கு மேலே ரங்கநாயகி அக்காவின் முகம் மட்டும் தெரிந்தது. குளித்த தலையில் ஈரத்துண்டு. நெற்றியில் அப்போதுதான் வைத்த சின்னப் பொட்டு. சுவருக்கு இந்தப் பக்கம் நான் துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"டீச்சர், அவர் வந்தாரா?"

"இப்பதானே அக்கா ஆபீசுக்குக் கிளம்பினார்? வர சாயந்திரம் ஏழு மணியாவது ஆகும்."

"ஐயோ, உங்க வீட்டுக்காரரைக் கேக்கல டீச்சர்." கண்ணை மட்டும் மேலே உயர்த்திக் காட்டினார். "அவர்."

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. அக்கா கேட்டது கருடனை. வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்புமாக எங்கள் தெருவுக்கு மேலே வட்டமடிக்கும் செம்பருந்தை. எங்கள் வீட்டில் அது 'அது'. அக்கா வீட்டில் 'அவர்'. பெருமாளையே சுமக்கிறவரைப் போய் எப்படி அது, இது என்று சொல்வது?

"இல்லையே அக்கா. இன்னைக்கும் காணோம்."

அக்கா சுவரில் இரண்டு கையையும் ஊன்றி வானத்தைப் பார்த்தார். ஒரு காக்காய்கூட இல்லை. குரோம்பேட்டைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் அவருடைய ஒரே மகள் வித்யா, ஏழாம் மாதத்தில், ரத்தக் கொதிப்போடு படுத்திருந்தாள். இதற்கு முன் இரண்டு தடவை தங்காமல் போயிருந்தது. இந்தத் தடவை கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"தவறாம வந்துகிட்டிருந்தவர் டீச்சர். இப்பப் பார்த்து ஏன் வரமாட்டேங்கறார்? என் பொண்ணுக்கு ஏதோ…" என்று ஆரம்பித்தவர், சொல்லாமல் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும். ஆனால் அந்தக் காரணத்தை அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஜன்னல் சாத்தும் நேரம்

போன வாரம் இந்தத் தொடரில் எங்கள் செம்பாக்கம் வீட்டுக்குக் கிணறு தோண்டிய கதையை எழுதினாலும் எழுதினேன், ஒரு வாசகி போன் செய்து, "அந்தத் தெருவுல மனுஷங்களே கிடையாதா, வெறும் தண்ணிதானா?" என்று கேட்டுவிட்டார். இருந்தார்கள் அம்மா. ஒரு பருந்தும் இருந்தது. அதற்குத்தான் வருகிறேன்.

நாங்கள் அங்கே குடிபோனபோது தெருவில் பாதி மனைகள் காலி. தெருக்கோடியில் ஏரி. நான் பள்ளி வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். இவர் காட்டாங்குளத்தூர் பக்கம் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. மின்சார ரயிலில் போய் மின்சார ரயிலில் திரும்புவார். ஞாயிற்றுக்கிழமை சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். மற்ற நாளெல்லாம் மீன் குழம்புக்கு அடிமை.

மீன் தருகிறவள் தேசம்மா. கோவளத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வருவாள். தலையில் அலுமினிய அன்னக்கூடை, இடுப்பில் அரிவாள்மணை. "மீனேய்…" என்று அவள் தெருமுனையில் குரல் கொடுத்தால் என் டியூஷன் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மறந்துபோகும். எங்கள் வீட்டுப் பின்பக்கம், துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சாம்பல் தொட்டு மீனை ஆய்ந்து கொடுப்பாள். மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டு. பக்கத்தில் ஒரு கொய்யா மரம்.

அங்கேதான் அது வரும்.

மொட்டை மாடியில் ஒரு பழைய டிவி ஆன்டெனா கம்பம் இருந்தது. கேபிள் வந்த பிறகும் அதைக் கழற்ற இவருக்கு நேரம் வாய்க்கவில்லை. பருந்து முதலில் அந்தக் கம்பத்தில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்க்கும். தேசம்மா குடலை எடுத்துக் கொய்யா மரத்துக்கு அப்பால் வீசுவாள். "இந்தா நைனா, துண்ணு." கீழே விழுந்ததோ இல்லையோ, இறக்கைக் காற்று நம் முகத்தில் அடிக்கும். அடுத்த நொடி அது வானத்தில்.

இப்போது ரங்கநாயகி அக்கா. தொலைபேசி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இல்லை. சுத்த சைவம். முட்டை போட்ட கேக் என்று சந்தேகம் வந்தால் கிறிஸ்துமஸ் தட்டைக்கூடச் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொடுத்துவிடுவார். ஆனால் ஒரு நாளும் எங்கள் மீனைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தேசம்மாவின் குரல் கேட்டதும் எங்கள் பக்கத்து ஜன்னலையெல்லாம் சாத்துவார். அப்புறம், வாடை போகட்டும் என்று மாடிக்குப் போய்விடுவார்.

மாடிக்குப் போனால் என்ன தெரியும்? கருடன் தெரியும்! தலைக்கு நேர் மேலே வட்டமடிப்பது தெரியும். எங்கள் ஷீட்டும் கொய்யா மரமும் மறைப்பதால், கீழே நடக்கிற மீன் வேலை மட்டும் தெரியாது. அவர் ஏறின நேரத்தில் கருடன் வருகிறது. ஒரு தடவை தாழ இறங்கி நமஸ்காரம் மாதிரி போய்விட்டு, மறுபடி மேலே ஏறுகிறது. அக்கா வலது கை மோதிர விரலால் கன்னத்தைத் தொட்டுக்கொள்வார். கருடனை அப்படித்தான் வணங்க வேண்டுமாம், கையெடுத்துக் கும்பிடக் கூடாதாம்.

வித்யா பொழிச்சலூர் புகுந்த வீட்டிலிருந்து வரும்போதெல்லாம் அம்மாவும் பெண்ணும் மாடியில் நின்று பார்ப்பார்கள். "எங்களுக்குன்னே வர்றார் டீச்சர்" என்பார் அக்கா. நான் தலையை ஆட்டுவேன். ஆசையாகச் சொல்கிறவரிடம் எதற்கு வழக்காட வேண்டும்?

வாலும் தென்னை ஓலையும்

வித்யாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"உங்க தம்பி மஸ்கட்ல இருந்து ஒரு பெரிய கேமரா கொண்டுவந்தாரே, அது இருக்கா?"

"இருக்கு. பீரோ மேல தூங்குது."

"அவரை ஒரு போட்டோ எடுத்துத் தருவீங்களா? வித்யாவால மாடிக்கு வர முடியாது. படமாவது கட்டில் பக்கத்துல இருந்தா தைரியமா இருப்பா. நேத்து அழுதுகிட்டே கேட்டா டீச்சர், கருடன் வந்தாரா அம்மான்னு."

இதற்கு மேல் நான் என்ன சொல்ல? நீள லென்ஸ் வைத்த பிலிம் கேமரா அது. நான் அதுவரை எடுத்ததெல்லாம் பிறந்தநாள் கேக்கும், மகாபலிபுரத்தில் கல் யானைக்கு முன்னால் நிற்கிற சொந்தக்காரர்களும்தான். கல் யானை அசையாது. இது அப்படியா?

தேசம்மா வந்த நாளெல்லாம் கொய்யா மரத்தடியில் கேமராவோடு நின்றேன். லென்ஸ் வழியாகத் தேடுவேன், வெறும் நீலம். கண்ணை எடுத்துப் பார்த்தால் மூக்குக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கும். ஒரு முழு ரோலும் தீர்ந்தது. கிழக்குத் தாம்பரம் ஸ்டுடியோவில் கழுவிக் கொடுத்த பையன் கவரைப் பிரித்து வைத்துக்கொண்டு, "மேடம், இதுல சப்ஜெக்ட் எது?" என்று மரியாதையாகத்தான் கேட்டான். தென்னை ஓலை வந்திருந்தது. ஆன்டெனா வந்திருந்தது. ஒரு படத்தில் அரை வால். இன்னொன்றில் தேசம்மாவின் முழங்கை.

எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. வித்யாவுக்காகத்தான் ஆரம்பித்தேன், ஆனால் பொய் சொல்வானேன், அந்தப் பறவைமேல் எனக்கே கிறுக்குப் பிடித்துவிட்டது. அது குடலைக் கொத்தித் தூக்குவதில்லை, காலால்தான் பற்றுகிறது. பறந்துகொண்டே காலை அலகுக்குக் கொண்டுபோய்த் தின்கிறது, நாம் பஸ்ஸில் நின்றபடி கடலை கொறிப்பது போல. அதைவிட ஆச்சரியம், தேசம்மா எங்கள் கேட்டைத் திறக்கும் முன்பே அது கம்பத்தில் இருக்கும். அது எப்படி? ஒரு நாள் தெருமுனைவரை போய் நின்று பார்த்தேன். ஏரிக்கரையில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கினதிலிருந்தே தலைக்கு மேலே பின்தொடர்ந்து வந்தது. அது எங்கள் வீட்டுக்கு வருகிற பருந்தே இல்லை. தேசம்மாவோடு வருகிற பருந்து.

சாம்பல் புதன்

இரண்டாவது ரோல் வாங்கிப் போட்டேன். அந்த வாரமே சாம்பல் புதன் வந்தது.

ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாளும் எங்களுக்கு லெந்து. இறைச்சி, மீன் வாசனைகூட வீட்டுக்குள் வராது. எங்கள் தெருவில் மீன் வாங்குகிற வீடுகளில் முக்கால்வாசி எங்கள் சபைக்காரர்கள் வீடு. அதனால் தேசம்மா அந்த நாற்பது நாளும் எங்கள் தெருவையே விட்டுவிட்டு ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் போய்விடுவாள். "ஒங்க லெந்து வந்தா எனக்கு பேஜாரு டீச்சர்" என்று ஒவ்வொரு வருஷமும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போவாள்.

தேசம்மா இல்லை. மீன் இல்லை. குடல் இல்லை. கருடனும் இல்லை.

சுவரில் கையூன்றி வானத்தைப் பார்த்த அக்காவிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான். சாயந்திரம் இவரிடம் சொன்னேன்.

"உள்ளதைச் சொல்லிடேன் கிரேஸ். அது மீன் குடலுக்கு வர்ற பருந்து. லெந்து முடிஞ்சா தானா வரும்."

"பொண்ணு அங்க படுத்துக் கிடக்கா. பெருமாளோட வாகனம்னு இவங்க நம்பிக்கிட்டிருக்காங்க. அவங்ககிட்டப் போய் மீன் குடல்னு சொல்லச் சொல்றீங்களா? நீங்க போய்ச் சொல்லுங்க பார்ப்போம்."

இவர் காபியைக் குடித்தார்.

"நாளைக்கு தேசம்மாவை வரச் சொல்லப் போறேன்" என்றேன்.

காபி தொண்டையில் சிக்கிக்கொண்டது. "லெந்துலயா? சபையில யாராவது பார்த்தா என்ன நினைப்பாங்க?"

"நாம திங்கப் போறதில்லை. பருந்து திங்கப் போகுது. பருந்துக்கு என்ன லெந்து?"

தம்ளரைக் கீழே வைத்தார். "சட்டியில ஏறாத மீன் மீனே இல்லை. ஆனா நான் எதையும் பார்க்கலை" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்தார். அந்த மனிதரை நான் கட்டிக்கொண்டதற்கு இப்படிச் சில காரணங்கள் உண்டு.

குடல் தனியாக நீந்துமா?

மறுநாள் ராஜகீழ்ப்பாக்கம் போய் தேசம்மாவைப் பிடித்தேன்.

"மீன் வேணாம் தேசம்மா. குடல் மட்டும் போதும்."

இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா டீச்சர், வெயிலு ஏறிப்போச்சா? கொடலு மட்டும் தனியா கடல்ல நீஞ்சிகினு கீதா? மீன வாங்கினாதான் கொடலு."

பக்கத்து வீட்டுப் பெண்ணின் நிலைமையைச் சொல்லி, பருந்தைப் படமெடுக்க வேண்டும் என்றேன். கருடன் சமாசாரத்தையெல்லாம் விளக்க நடுத்தெருவில் எனக்கு வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

"படம் புடிக்கணும்னா மடவ மீனு எட்தாறேன். அத்துக்குதான் கொடலு நீட்டமா இர்க்கும். நல்லா தெரியும்" என்றாள். மீனை யார் தின்பது என்று கேட்டேன். "ஏன், எங்க வூட்ல வாயி இல்லியா?" என்றாள்.

முதல் நாள் பருந்து வரவில்லை. எங்கள் தெருவை அதுவும் மறந்துவிட்டது போல. குடலைக் காக்காய்கள் கொண்டுபோயின. அன்று மதியம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின அக்கா, "அவகிட்ட வந்தார்னு பொய் சொல்லிட்டு வர்றேன் டீச்சர். தினம் அதான் செய்றேன்" என்றார். அதைக் கேட்டுவிட்டு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாளும் தேசம்மா வந்தாள். "மீனேய்…" என்று அவள் குரல் கேட்டதும் அக்கா வீட்டு ஜன்னல்கள் படபடவென்று சாத்திக்கொண்டன. எங்கள் வீட்டிலும் ஒரு ஜன்னல் சாத்தியது. லீவு போட்டிருந்த இவர்! எதையும் பார்க்கவில்லையாம்.

நான் கேமராவைக் கண்ணில் வைத்தபடி கொய்யா மரத்தில் சாய்ந்து நின்றேன். தேசம்மா கழுத்தை உயர்த்தி, "வா நைனா, எத்தினி நாளாச்சு பாத்து" என்றாள். ஷீட்டின் விளிம்பில் ஒரு நிழல் ஓடியது. அவள் வீசினாள். இந்த முறை நான் பருந்தைத் தேடவில்லை. குடல் விழும் இடத்தையே குறிவைத்திருந்தேன். சட்டென்று லென்ஸ் முழுக்கச் செம்பட்டை. இறக்கை விரிந்தது, வால் விசிறியாக மலர்ந்தது, கண் என்னை நேராகப் பார்த்தது. விரலை எடுக்காமல் அழுத்தினேன். அது மேலே ஏறியபோது பக்கத்து மாடியிலிருந்து, "வந்துட்டார்! டீச்சர், வந்துட்டார்!" என்று அக்கா அழுகையும் சிரிப்புமாகக் கத்தினார்.

எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தேசம்மா ஒன்றும் புரியாமல் என்னையும் குரல் வந்த பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

காலில் என்ன?

ஸ்டுடியோ பையன் இந்தத் தடவை கவரைக் கொடுக்காமல் படத்தையே எடுத்து நீட்டினான். "மேடம், செம!"

உண்மையிலேயே செமதான். வெள்ளைத் தலை, விரிந்த இறக்கை, பின்னால் வெறும் வானம். ஒரே ஒரு சங்கடம். காலிலிருந்து மடவையின் குடல் நீளமாக, வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. எல்லாப் படத்திலும் தொங்கியது. இதை எப்படிக் கொடுப்பது? வெட்டிவிடலாமா என்று பையனிடம் கேட்டேன். "கால் போயிடும் மேடம்" என்றான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்ன சொல்வதென்று ஒத்திகை பார்த்தேன். அக்கா கேட்டிலேயே நின்றிருந்தார். படத்தை வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"டீச்சர்! கால்ல பாருங்க."

"அக்கா, அது வந்து…"

"பாம்பு! நாகத்தைப் பிடிச்சுக்கிட்டுக் காட்சி கொடுத்திருக்கார். கோயில்ல இருக்கற மாதிரியே!"

மோதிர விரல் இரண்டு கன்னத்துக்கும் போனது. நான் திறந்த வாயை மூடுவதற்குள் அவர் கைப்பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு ஓடிக்கொண்டிருந்தார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

படம் வித்யாவின் தலைமாட்டுக்குப் போனது. நர்சுகள் வந்து வந்து பார்த்தார்களாம். "பாம்பை விடமாட்டார், என் பிள்ளையையும் விடமாட்டார்" என்று வித்யா சொன்னாளாம். அதன்பிறகு நான் எந்த முகத்தோடு விளக்கம் சொல்ல?

ஈஸ்டருக்கு மறுநாள்

குழந்தை நாளுக்கு முன்னாலேயே பிறந்துவிட்டது. பெண். உள்ளங்கையில் அடங்குகிற அளவு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். அவள் வீடு வந்து சேர்ந்தாள், படிக்கிறவர்கள் பதற வேண்டாம். ஆனால் அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. இன்னும் சில வாரம் போக வேண்டும் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார்.

ஈஸ்டருக்கு மறுநாள் காலை எங்கள் தெருவில் மறுபடியும் "மீனேய்…" கேட்டது. இவர் எனக்கு முன்னால் கேட்டைத் திறந்தார். தேசம்மா துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மடவையைக் கீறினாள். கம்பத்தில் பருந்து.

இரவெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பின அக்கா, ஜன்னல் சாத்த வீட்டுக்குள் போகவில்லை. குழந்தை முதல் தடவையாகப் பால் குடித்தாள் என்று என்னிடம் சொல்லும் அவசரத்தில் நேராக எங்கள் வீட்டுப் பின்பக்கம் வந்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அந்தப் பக்கம் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

தேசம்மாவின் விரலில் குடல் நீளமாக, வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. "இந்தா நைனா" என்று வீசினாள். பருந்து இறங்கியது, பற்றியது, ஏறியது.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி அப்படியே நின்றார். மேலே பறவையைப் பார்த்தார். அதன் காலைப் பார்த்தார். கீழே அன்னக்கூடையைப் பார்த்தார். கடைசியாக என்னை.

"படத்துல இருக்கறது…"

"ஆமா அக்கா."

"இத்தனை நாளும்…"

"ஆமா அக்கா."

"லெந்துல உங்க வீட்ல மீன் ஆக்க மாட்டீங்களே. அப்புறம் எப்படி?" கேட்டுக்கொண்டே வந்தவருக்குப் பாதியில் விடை கிடைத்துவிட்டது போலிருந்தது. என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். "வித்யாவுக்குப் பாம்பாவே இருக்கட்டும் டீச்சர்."

"சரி அக்கா."

நடப்பது என்னவென்று தெரியாத தேசம்மா, "பாப்பா எப்டிம்மா கீது? டீச்சர் சொல்லிச்சு" என்றாள்.

"பால் குடிச்சாம்மா" என்றார் அக்கா. முந்தானை மூக்கிலிருந்து இறங்கியது. "நாளைக்கு இந்தப் பக்கம் வருவியா?"

"வாங்கறவங்க இர்ந்தா வருவேன். டீச்சரு வூட்ல தெனம் வாங்க மாட்டாங்களே."

"குழந்தை வீட்டுக்கு வர்ற வரைக்கும் தினம் வா. நான் வாங்கறேன்."

தேசம்மா அரிவாள்மணையிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "நீயா? சைவ வூடாச்சேம்மா! இன்னா மீனு வோணும்?"

ரங்கநாயகி அக்கா ஆன்டெனா கம்பத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"அவருக்கு எது பிடிக்குமோ, அது."